முள்ளு பொய் சொல்லாதுங்க மாப்ளை, மாட்டுற எடம் சொல்லும்

அட, கியர்பாக்ஸு சூடு காட்டுற கேஜு பார்சல்ல வந்துருச்சுங்களா மாப்ளை? பிரிங்க, பிரிங்க. கறுப்பு வளையம், வெள்ளை எழுத்து, ராத்திரியில எரியறதுக்கு உள்ளுக்குள்ள ஒரு பல்பு. நெம்ப லட்சணமா இருக்குதுங்க. டேஷ்போர்டுல வெச்சா வண்டிக்கு மதிப்புக் கூடும். கியர்பாக்ஸு சூடு மட்டும் ஒரு டிகிரி கூடக் குறையாது.

கோவிச்சுக்காதீங்க. நாமக்கல்லுல லாரிக்கு அடியில படுத்தே பாதி ஆயுசைக் கழிச்ச கெழவனுங்க நான். புள்ளையப் பாக்க டென்வருக்கு வந்த எடத்துல வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. பழைய செவர்லே சில்வராடோ ஒண்ணை வாங்கி, அதுக்குப் பின்னால கட்டிலு, அடுப்பு, கக்கூஸோட ஒரு வீட்டையே கோத்துக்கிட்டு மலையேறணும்னு ஆசைப்பட்டுட்டீங்க. ஆசைப்பட்ட மாப்ளைக்குப் புத்தி சொல்லக் கூடாது, ஸ்பேனர் எடுத்துத்தான் குடுக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் ரெண்டையும் பண்றனுங்க.

எங்க லாரியில கிளச்சு கருகினா மூக்குக்குத் தெரியும். மீட்டருன்னு தனியா ஒண்ணும் கிடையாது. உங்க வண்டியில அந்தப் பெடலே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ்காரன் 1940-ம் வருஷ ஓல்ட்ஸ்மொபைல் காருல ஹைட்ரா-மேட்டிக்னு ஒரு கியர்பாக்ஸைப் போட்டு வித்தான் பாருங்க, அன்னிக்கே அமெரிக்காக்காரன் எடது காலுக்கு ஓய்வூதியம் குடுத்துட்டான். அந்தக் காலு பாத்துக்கிட்டிருந்த வேலை பூராவும் இப்ப எண்ணெய் தலையில விழுந்துருச்சு.

இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர் இருக்குதுங்க. உள்ளுக்குள்ள இஞ்சினோட சேந்து சுத்துற சக்கரம் எண்ணெயை வீசியடிக்கும். அந்த வீச்சுல எதுத்தாப்புல இருக்கிற சக்கரம் சுத்தும். நடுவுல ஸ்டேட்டர்னு ஒண்ணு, திரும்பி வர்ற எண்ணெயைத் தெசை திருப்பி இழுவையைக் கூட்டும். ரெண்டு சக்கரத்துக்கும் வேகம் ஒண்ணாகாத வரைக்கும், அந்த வித்தியாசத்துல வீணாகிற சக்தி பூராவும் எண்ணெயில சூடா ஏறும். சமதரையில லாக்கப் கிளச்சு வந்து ரெண்டையும் ஒட்டுக்கா பிடிச்சுக்கும். ஏத்தத்துல, பின்னால வீட்டை இழுத்துக்கிட்டு மிதிச்சீங்கன்னா பிடியை விட்டுரும். சூடு பொறக்கிற எடம் அதுதானுங்க.

அந்த எண்ணெய் பண்ற வேலையை எண்ணிப் பாருங்க. இஞ்சின் சக்தியைக் கடத்தணும், கிளச்சு பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கணும், பல்சக்கரத்துக்கு வழவழப்புக் குடுக்கணும், அத்தனை சூட்டையும் சொமந்துக்கிட்டுக் கூலருக்குப் போயிட்டு வரணும். ஒரு காலத்துல இந்த எண்ணெயில திமிங்கல எண்ணெயைக் கலந்தாங்கன்னா நம்புவீங்களா? கிளச்சு வெடுக்குனு பிடிக்காம பதமாப் பிடிக்கிறதுக்கு அது அத்தனை ஒசத்தி. 1970 வாக்குல திமிங்கலத்தைக் காப்பாத்தணும்னு இந்த நாட்டுல சட்டம் வந்த பொறகுதான் வேற மருந்து தேடினாங்க. கடல்ல கெடந்த சீவனுக்கு விடுதலை கெடைச்சுருச்சு. உங்க கையில மாட்டின கியர்பாக்ஸுக்கு எப்பக் கெடைக்குமோ!

சரி, கணக்குக்கு வருவோம். கியர்பாக்ஸு பிரிக்கிறவங்க வாயில ரொம்ப நாளாப் புழங்குற கணக்கு இது. 175 டிகிரி பாரன்ஹீட், நம்மூரு கணக்குல 80 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டுலயே ஓடினா எண்ணெய் லட்சம் மைல் தாங்கும். அதுக்கு மேல 20 டிகிரி ஏற ஏற, ஆயுசு பாதி பாதியாக் குறையும். 195-க்கு 50,000 மைல், 215-க்கு 25,000, 235-க்கு 12,000 சில்லறை. 240 தாண்டினா எண்ணெய் வார்னிஷாப் படிய ஆரம்பிக்கும். 260-ல ரப்பர் சீலு இறுகும். 300 பக்கம் போச்சுன்னா கிளச்சு பிளேட்டு கருகிரும். இது பழைய எண்ணெய் காலத்துக் கணக்குங்க. இன்னிக்கு வர்ற சிந்தெடிக் எண்ணெய் இன்னும் கொஞ்சம் தாங்கும், புது வண்டிகளை 200 பக்கம் ஓடற மாதிரியே கட்டுறாங்க. அதுக்காக 250-ஐப் பாத்துட்டு "இது பழைய கணக்கு"ன்னு பாட்டை சத்தமா வெச்சுராதீங்க.

இப்ப டிரில்லை எடுக்கறதுக்கு மின்னாடி ஒரு ரகசியம் சொல்றனுங்க, கோவப்படக் கூடாது. உங்க கியர்பாக்ஸு பேரு 4எல்60-ஈ. அதுக்குள்ள ஒரு வெப்ப சென்சார் பொறவியிலேயே இருக்குது, வால்வு பாடி மேல, அடியில எண்ணெய் நிக்கிற தட்டுக்குள்ள, அதாவது பேனுக்குள்ள. வண்டிக் கம்ப்யூட்டர் அதைப் பாத்துத்தான் லாக்கப்பை எப்பப் போடறதுன்னு முடிவு பண்ணுது. உங்ககிட்ட மட்டும் சொல்றதில்லை, நீங்க கேக்காததுனால. 1996-லிருந்து இந்த நாட்டுல விக்கிற காருக்கெல்லாம் ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கணும்னு சட்டமுங்க. அதுல ஒரு சின்ன ஸ்கேனரைச் சொருகி, செல்போன்ல பாத்துக்கலாம். மலிவா வர்ற ஸ்கேனர் எல்லா வண்டிக்கும் பொதுவான கேள்வி மட்டுந்தான் கேக்கும். கியர்பாக்ஸு சூட்டை வாங்கணும்னா ஜிஎம் வண்டிக்குன்னு தனியாக் கேக்கத் தெரிஞ்ச ஆப் வேணும். அது கெடைச்சா ஓட்டையும் வேண்டாம், ஒழுக்கும் வேண்டாம், சித்தெ நேரத்துல சோலி முடிஞ்சுரும்.

ஆனா அதுல ஒரு குறை இருக்குதுங்க. வண்டிக்கு அடியில படுத்து, சட்டையெல்லாம் எண்ணெயாக்கிக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்கையில ஸ்பேனரோட நிக்கிற பெருமை கெடைக்காது. அதனால நீங்க ஓட்டைதான் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். நல்லதுதான். கண்ணு மின்னாடி எந்நேரமும் நிக்கிற முள்ளுக்கு ஒரு மரியாதை உண்டு. ஸ்கேனரு சொல்றதும் முள்ளு சொல்றதும் ஒத்துப் போகுதான்னு பாத்துக்கவும் ஆச்சு.

அடுத்து, சென்சாரை எங்க மாட்டுறது? அவங்கவங்க சுபாவத்தைப் பொறுத்ததுங்க.

பயந்து பயந்து வண்டி ஓட்டணும்னு ஆசையிருந்தா, கியர்பாக்ஸை விட்டுக் கூலருக்குப் போற பைப்புல மாட்டுங்க. கன்வெர்ட்டர்ல கொதிச்ச எண்ணெய் நேரா அந்த வழியாத்தான் வரும். ஏத்தத்துல காலை அமுத்தினதும் முள்ளு குதிக்கும், காலை எடுத்ததும் எறங்கும். நடக்கிறதை நடக்கிற நேரத்துலயே சொல்ற எடம் அது. ஆனா நான் சொன்ன 240, 260 கணக்கை அங்க வெச்சுப் பாத்தீங்கன்னா ஒவ்வொரு மேட்டுலயும் நெஞ்சு வலி வரும்.

நிம்மதியாத் தூங்கணும்னு ஆசையிருந்தா, கூலர்ல போயிட்டுத் திரும்பி வர்ற பைப்புல மாட்டுங்க. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தவன் நெத்தியில கையை வெச்சுப் பாத்துக் காய்ச்சலே இல்லைன்னு சொல்ற வைத்தியம் அது. உள்ளுக்குள்ள கிளச்சு கருகிக்கிட்டிருக்கும், முள்ளு சிரிச்சுக்கிட்டிருக்கும். வண்டியைச் சீக்கிரம் விக்கப் போறவனுக்கும் இது தோதான எடம்.

சில பேரு கியர்பாக்ஸு பக்கவாட்டுல பிரஷரு பாக்கறதுக்குன்னு இருக்கிற ஓட்டையில சொருகுவாங்க. மரை பொருந்தும், வேலையும் சுளு. ஆனா அங்க எண்ணெய் ஓடறதில்லைங்க, முட்டுச்சந்து. நேத்து நடந்த சேதி இன்னிக்கு வரும்.

பொண்டாட்டி புள்ளையோட போறவன் பேன்லதான் மாட்டணும். பம்பு உறிஞ்சி எடுத்துக் கிளச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் அனுப்பற எண்ணெய் அங்கதான் நிக்குது. 175-க்கு லட்சம் மைலுங்கிற கணக்கெல்லாம் அந்த எண்ணெய்க்குச் சொன்னது. முள்ளு மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். ஏறினா ஏறுனதுதான்.

பேனைக் கழட்டுற நாள் வந்தா, ஜாக்கியை நம்பிக் கீழ படுத்துராதீங்க. ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை. வண்டியை ஓட்டிட்டு வந்த சூட்டோட கழட்டினீங்கன்னா எண்ணெய் கையைப் பொசுக்கும், சைலன்சர் பைப்பு முதுகைப் பொசுக்கும். வெதுவெதுப்பா ஆகட்டும். சில வருஷத்து வண்டியில இந்தப் பேனுக்கு வடிகால் போல்ட்டே வெக்கல. அப்ப ஒரு மூலையில ரெண்டு போல்ட்டை விட்டுட்டு மத்ததைக் கழட்டி, சாய்ச்சு வடிக்கணும். அஞ்சு லிட்டர் வாக்குல எறங்குமுங்க. பாதி தட்டுல விழும், மீதி உங்க கைக்குள்ள பூந்து முழங்கை வழியா வரும். அது இந்தத் தொழிலோட ஞானஸ்நானம், தப்பிச்சவன் யாருமில்லை. கன்வெர்ட்டருக்குள்ள நிக்கிற எண்ணெய் எப்படியும் வராது.

பேன் அடியில ஒரு காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நெறத்துல மையாட்டம் படிஞ்சிருந்தா, தேய்மானம், பயப்படாதீங்க. மினுமினுன்னு உலோகச் செதிலு கெடந்தா, கேஜை மறுபடியும் பொட்டியில வெச்சுத் திருப்பி அனுப்பிருங்க. செத்தவனுக்கு எதுக்குங்க காய்ச்சல் மானி? இந்த கியர்பாக்ஸுல மூணாவது கியருக்கும் நாலாவது கியருக்கும் பொதுவா ஒரே கிளச்சு அடுக்கு. சூடு பட்டா மொதல்ல கருகறது அதுதான்னு பிரிச்சுப் பாத்தவங்க சொல்லுவாங்க. எண்ணெய் செவப்பாயிருக்கான்னு பாருங்க. பழுப்பாகித் தீஞ்ச வாடை அடிச்சா என் மூக்கைக் கூப்புடுங்க, மீட்டருக்கு மூத்தது அது.

சென்சார் மரை எட்டில் ஒண்ணு பைப் மரைன்னு பொட்டியில போட்டிருக்கும். நீங்க கணக்குல புலி, அதனால எட்டில் ஒரு இன்ச் டிரில் பிட்டைத் தேடுவீங்க. அந்த ஓட்டையில சென்சாரோட மூக்கு நொனி கூடப் பூராது. பைப்பு அளவு வேற, ஓட்டை அளவு வேற. அந்த மரைக்கு வெளிவிட்டமே பத்து மில்லிக்கு மேல. ஓட்டை எட்டரை மில்லிக்குக் கொஞ்சம் கூட வேணும், இந்த ஊரு பிட்டுல 11/32 இன்ச். பைப் மரை கூம்பா எறங்கும், அதனால மரை போடுற கருவியைக் கடைசி வரைக்கும் விட்டுராதீங்க. கொஞ்சம் வெட்டணும், சென்சாரை வெச்சுப் பாக்கணும், மறுபடி வெட்டணும்.

அதுக்கும் மேல ஒண்ணு. கம்பெனிப் பேன் வெறும் தகடுங்க. அதுல மரை போட்டா ரெண்டு சுத்து கூட முழுசாப் பிடிக்காது. இறுக்கினா வழண்டுரும், இறுக்காட்டி ஒழுகும். வெளியில ஒரு மரை வெட்டின பூணை வெச்சு வெல்டு பண்ணிருங்க, இல்லாட்டி ஓட்டையோட வர்ற அலுமினியப் பேனை வாங்கிருங்க. எடம் பாக்கையில எண்ணெய் மட்டத்துக்குக் கீழ இருக்கணும், உள்ள இருக்கிற பில்டர் மேல மூக்கு இடிக்கக் கூடாது, சைலன்சர் பைப்புக்கு நேரா போகக் கூடாது. வெட்டின பிசிறு ஒரு துளி கூட உள்ள தங்கக் கூடாது. வால்வு பாடியில இருக்கிற சந்தெல்லாம் அத்தனை சின்னது.

புதுப் பேக்கிங் போட்டுப் பேனை ஏத்தையில, லாரி வீல் நட்டு நெனப்புல இறுக்காதீங்க. இந்தப் போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான், மணிக்கட்டு வேலை. ஜிம்முக்குப் போற கையை இன்னிக்கு வீட்டுலயே விட்டுட்டு வாங்க. டெக்ஸ்ரான் 6 எண்ணெய் ஊத்தி, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு கியரும் போட்டு எடுத்துப் பார்க்குக்குக் கொண்டு வந்து, சூடான பொறகு ஓடிக்கிட்டிருக்கையிலேயே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. ஆப் பண்ணிட்டுப் பாத்தா எண்ணெய் கூடுதலாத்தான் தெரியும். சந்தோஷப்பட வேண்டாம்.

வயரு வேலைதான் நெசமான வில்லங்கமுங்க. சாவி போட்டா மட்டும் வர்ற 12 வோல்ட்டுல பியூஸோட எடுக்கணும். பேட்டரியிலிருந்து நேரா எடுத்தீங்கன்னா, எந்நேரமும் வேலை பாத்துக் காலையில வண்டியை ஸ்டார்ட் ஆக விடாது. சென்சாருக்குப் போற வயரைச் சைலன்சருக்கும் சுத்துற ஷாப்டுக்கும் அக்கட்டால, குழாய்க்குள்ள விட்டுக் கட்டணும். தகட்டு ஓட்டையில பூர்ற எடத்துல ரப்பர் வளையம் போடணும். ஒரு கம்பெனி கேஜுக்கு இன்னொரு கம்பெனி சென்சாரைச் சோடி சேக்காதீங்க. ரெண்டுக்கும் கணக்கு ஒத்துப் போகாது.

ஒத்தை வயரு சென்சாருல மின்சாரம் திரும்பிப் போறது அதோட ஒடம்பு வழியாத்தான். பேன் தகட்டுல உரசி, எர்த்து ஆகணும். நீங்க ஒழுகுமோங்கிற பயத்துல வெள்ளை டெப்லான் டேப்பைச் சுத்து சுத்துன்னு சுத்தினா எர்த்து அரைகுறையாகும். இந்த மாதிரி சென்சாரு எப்படி வேலை பாக்குதுன்னா, சூடு ஏற ஏறத் தடை குறையும், முள்ளு ஏறும். அப்ப டேப்பு குடுக்கிற கூடுதல் தடையை முள்ளு என்னன்னு எடுத்துக்கும்? குளுகுளுன்னு இருக்குதுன்னு எடுத்துக்கும். வயரு அறுந்து போனா? இன்னும் குளுகுளு. திரும்பி வர்ற பைப்புல மாட்டினா? குளுகுளு. எண்ணெய் மட்டத்துக்கு மேல மாட்டினா? அங்கயும் எண்ணெய் சூடு முழுசா வராது. ஒரே ஒரு தப்பு மட்டுந்தான் கூப்பாடு போடும், தோலு உரிஞ்ச வயரு சேஸிஸ்ல பட்டா முள்ளு உச்சிக்கு ஏறி நின்னுக்கும்.

கவனிச்சீங்களா மாப்ளை? அந்த ஒண்ணைத் தவிர, நீங்க பண்ணக்கூடிய தப்பு பூராவும் நல்ல சேதியாத்தான் வந்து சேரும். அதனால முள்ளு ஏறினா நம்புங்க. ஏறாட்டி சந்தேகப்படுங்க. சாவியைப் போட்டுட்டு, சென்சாரு வயரைக் கழட்டித் தகட்டுல தொட்டுப் பாருங்க, சாதாரண முள்ளு கேஜுன்னா உச்சிக்குப் பாயணும். பாயலைன்னா கேஜு வேலை செய்யல, வண்டி குளுந்து கெடக்கல. வாரத்துக்கு ஒருக்கா ஸ்கேனரு கணக்கோட ஒப்பிட்டுப் பாத்துக்குங்க.

இனி மலை. டென்வர் கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேல. ஐ-70 ரோட்டுல மேற்க போனா ஐசன்ஹோவர் சொரங்கம், 3,400 மீட்டர். 1973-ல தெறந்தது. நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தானுங்க. காத்து அத்தனை மெலிசான எடத்துல இஞ்சினுக்கு மூச்சு வாங்கும், கூலருக்குக் குளிரக் காத்து பத்தாது. ஏத்தம் நூறடிக்கு ஆறு ஏழடி. அங்க போயி நாலாவது கியர்ல வெச்சுக்கிட்டு மைலேஜைப் பாக்காதீங்க. நாலாவது கியர் விகிதம் 0.70, பாரம் இழுக்கப் பொறந்ததில்லை. ஏறுமுன்னு நாலுக்குப் போகும், முடியாம மூணுக்கு வரும், அந்த இழுபறியில லாக்கப்பு விட்டு விட்டுப் பிடிச்சுச் சூட்டைக் கெளப்பும். லீவரை மூணுல போட்டுருங்க, பாரம் இழுக்கறதுக்குன்னு வெச்ச டோ ஹால் பட்டன் இருந்தா அமுக்கிருங்க, வேகத்தைக் குறைங்க. பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், உங்க கியர்பாக்ஸுக்கு அவன் காசு குடுக்கப் போறதில்லை.

கேஜு வாங்கின கையோட, ரேடியேட்டருக்கு மின்னாடி வெக்கிற தனிக் கூலரும் ஒண்ணு வாங்கிப் போடுங்க. எண்ணெய் மொதல்ல ரேடியேட்டருக்குள்ள போயிட்டு, அப்புறம் அந்தக் கூலர்ல போயிட்டுத் திரும்பணும். முள்ளு காட்டும், அது குளுத்தும். காட்டுறதுக்கு மட்டும் செலவு பண்ணிட்டுக் குளுத்துறதுக்கு யோசிக்கிறவங்க நெறையப் பேரு.

பேன்ல 220 வந்தா மிதியைக் குறைங்க. 240 பக்கம் போச்சுன்னா ஓரங்கட்டுங்க. ஒடனே இஞ்சினை ஆப் பண்ணிராதீங்க. நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, 1,200 சுத்துக்கு லேசா ரேஸ் குடுத்து நில்லுங்க. பம்பு ஓடினாத்தான் எண்ணெய் கூலருக்குப் போயிட்டு வரும். 200-க்குக் கீழ எறங்கினதும் கெளம்பலாம்.

கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க. கேஜை உங்க பக்கத்துத் தூண்ல மாட்டாதீங்க. நடுவுல, அம்மிணி கண்ணுக்குத் தெரியற மாதிரி மாட்டுங்க. நீங்க 235-ஐப் பாத்தா "இன்னும் ஒரு மைலுதான், உச்சி வந்துரும்"பீங்க. அவளுக்கு இந்த வண்டி மேல ஆசையுமில்லை, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டக் காட்டுற பெருமையுமில்லை. முள்ளு சொன்னதை அப்படியே சொல்லுவா. நிறுத்துங்கன்னு அவ சொன்னா நிறுத்திருங்க. கோவம் வந்தா என்னைத் திட்டிக்கலாம், பின்சீட்டுல தூங்கற மாதிரிதான் கெடப்பேன். அவளைத் திட்டினீங்கன்னா மட்டும், அந்தச் சூட்டுக்கு எந்தக் கடையிலயும் கூலர் கெடையாதுங்க மாப்ளை.